உலகக் கோப்பையின் வாயிற்படி

1872ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று கல்கத்தாவில் ஓர் ஆட்டம் நடந்தது. இங்கிலாந்தைச் சேர்ந்த இருபது பேர் ஒரு பக்கமும், ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் ஆகிய நாடுகளைச் சேர்ந்த இருபது பேர் மறுபக்கமும் நின்று, முட்டை வடிவப் பந்து ஒன்றைக் கையில் ஏந்தி ஓடினார்கள். அதுவே நம் நாட்டில் ரக்பி விளையாட்டின் தொடக்கம். அடுத்த மாதமே கல்கத்தாவில் அதற்கென ஒரு சங்கம் தோன்றிற்று. ஆயினும் வங்காளத்து வெயில் இந்த ஆட்டத்துக்கு ஏற்றதாக இல்லை. பட்டாளம் ஒன்று ஊரை விட்டுப் போயிற்று. உறுப்பினர்கள் போலோவிலும் டென்னிஸிலும் நாட்டம் கொண்டார்கள். சங்கத்தை மூடுவதென முடிவாயிற்று. கையிருப்பாக இருந்த வெள்ளி ரூபாய்கள் 270ஐயும் உருக்கி, மூன்று நாகங்கள் கைப்பிடியாகவும் மூடியின்மேல் ஒரு யானையும் அமைந்த அழகிய கோப்பை ஒன்றைச் செய்து, 1878ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ரக்பி யூனியனுக்கு அனுப்பி வைத்தார்கள். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879ஆம் ஆண்டு முதல் அந்தக் 'கல்கத்தாக் கோப்பை'க்காகவே மோதி வருகின்றன.

நம் நாட்டு வெள்ளியில் செய்த கோப்பை இவ்வளவு புகழ் பெற்றிருக்க, ரக்பியின் உலகக் கோப்பைப் பந்தயத்தில் இந்தியக் கோஷ்டி இதுவரை ஒருமுறையும் ஆடியதில்லை. ஏன் ஆடவில்லை என்று கேட்பதற்கு முன்பு, அங்கே யார் ஆடலாம், யார் ஆடக்கூடாது என்பதை எவ்வாறு தீர்மானிக்கிறார்கள் என்று அறிந்து கொள்வது நல்லது. உலகக் கோப்பையின் இறுதி ஆட்டத்தைப் பற்றிப் பேசுவோர் பலர். அதன் வாயிற்படியைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. எங்களைக் கேட்டால், சுவையான சங்கதிகள் பலவும் அந்த வாயிற்படியிலேதான் நிகழ்கின்றன என்போம்.

ஆட்டத்தை அறியாத நேயர்களுக்காக இரண்டொரு வார்த்தை. பக்கத்துக்குப் பதினைந்து பேர். பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம், காலால் உதைக்கலாம்; ஆனால் கையால் முன்னோக்கி எறியக் கூடாது, பக்கவாட்டிலோ பின்னோக்கியோதான் எறியலாம். எதிரியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் பதித்தால் அது 'டிரை', ஐந்து புள்ளி. அதன் பின் கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்தால் மேலும் இரண்டு. எதிரி விதி மீறியதற்குக் கிடைக்கும் தண்டனை உதை, கம்பங்களுக்கிடையே சென்றால் மூன்று. இவ்வளவு தெரிந்தால் மேலே சொல்லப் போகும் கணக்குகள் புரியும்.

முதல் உலகக் கோப்பை 1987ஆம் ஆண்டு நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் நடைபெற்றது. அதற்குத் தகுதிப் போட்டி என்பதே கிடையாது. கலியாண வீட்டார் பத்திரிகை அனுப்புவதைப் போலப் பதினாறு நாடுகளுக்கு அழைப்பு அனுப்பினார்கள். இனவொதுக்கல் கொள்கையின் காரணமாகத் தென்னாப்பிரிக்கா அங்கே இல்லை. பசிபிக் தீவுகளில் பிஜிக்கும் டோங்காவுக்கும் அழைப்பு வந்தது. மேற்குச் சமோவாவுக்கு வரவில்லை. அழைப்பு முறையில் உள்ள குறையே இதுதான். ஏன் அழைத்தீர்கள், ஏன் அழைக்கவில்லை என்று கேட்க யாருக்கும் வழியில்லை.

1991ஆம் ஆண்டுக் கோப்பைக்கு வேறு ஏற்பாடு செய்தார்கள். 1987இல் கால் இறுதிக்கு வந்த எட்டுக் கோஷ்டிகளுக்கு நேர் அனுமதி. எஞ்சிய எட்டு இடங்களுக்கு உலகின் ஒவ்வொரு மண்டலத்திலும் தகுதிப் போட்டிகள். ஆசியாவுக்கும் பசிபிக் தீவுகளுக்குமான போட்டி 1990ஆம் ஆண்டு டோக்கியோவில் நடந்தது. ஜப்பான், டோங்கா, தென் கொரியா ஆகியவற்றோடு மோதி மேற்குச் சமோவா இடத்தைப் பெற்றது; உடன் ஜப்பானும் பெற்றது. அதன் பின் நடந்ததை வேல்ஸ் நாட்டார் இன்றளவும் மறக்கவில்லை. 1991 அக்டோபர் 6ஆம் தேதி கார்டிஃப் நகரில், அவர்களுடைய சொந்த மைதானத்தில், மேற்குச் சமோவா 16-13 என்ற கணக்கில் வேல்ஸைத் தோற்கடித்தது. ரக்பியையே தேசிய அடையாளமாகக் கொண்ட நாடு வேல்ஸ். சமோவாவின் ஜனத்தொகையோ அப்போது இரண்டு லட்சத்துக்கும் குறைவு. நான்கு ஆண்டுகளுக்கு முன் அழைப்புக்குத் தகுதியில்லை என்று கருதப்பட்ட கோஷ்டி கால் இறுதி வரை சென்று, ஸ்காட்லாந்திடம்தான் தோற்றது. தகுதிப் போட்டிகள் அவசியமா என்ற கேள்விக்கு இதைவிட வேறு விடை வேண்டுவதில்லை.

ஆனால் தகுதிப் போட்டிகள் எல்லாமே இப்படிச் சிறப்பாக அமைந்தன என்று சொல்வதற்கில்லை. வலிய கோஷ்டியையும் எளிய கோஷ்டியையும் ஒரே களத்தில் நிறுத்தினால் என்னவாகும் என்பதற்கும் சான்றுகள் உண்டு. 1994ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நடந்த ஆசியத் தகுதிப் போட்டியில் ஹாங்காங் 164-13 என்று சிங்கப்பூரை வென்றது. அதில் ஒரே ஆட்டக்காரர் பத்து டிரை வைத்தார். 2002இல் டோக்கியோவில் ஜப்பான் தைவானை 155-3 என்று வென்றது. 1998 நவம்பரில் இங்கிலாந்து நெதர்லாந்தை 110-0 என்று வென்றதும் தகுதிப் போட்டியிலேதான். இங்கிலாந்து எதற்காகத் தகுதிப் போட்டியில் ஆடிற்று என்று நேயர்கள் வியக்கலாம். 1999ஆம் ஆண்டுக் கோப்பைக்கு முந்திய பந்தயத்தின் முதல் மூன்று கோஷ்டிகளுக்கும், போட்டியை நடத்திய வேல்ஸுக்கும் மட்டுமே நேர் அனுமதி என்று வைத்திருந்தார்கள். ஆகவே இங்கிலாந்தும் அயர்லாந்தும் ஆஸ்திரேலியாவுமே வரிசையில் நிற்க நேர்ந்தது. அவ்வாறு வரிசையில் நின்று உள்ளே போன ஆஸ்திரேலியாவே அந்த ஆண்டுக் கோப்பையையும் வென்றது! அந்த ஏற்பாடு நியாயமானதுதான் என்றாலும், நூறு புள்ளி வித்தியாசத்தில் தோற்பவன் அதிலிருந்து எதையும் கற்றுக் கொள்வதில்லை; வெல்பவனும் கற்றுக் கொள்வதில்லை. பின்னர், ஒவ்வொரு பிரிவிலும் முதல் மூன்று இடங்களைப் பெறும் பன்னிரண்டு கோஷ்டிகளுக்கு அடுத்த கோப்பையில் நேர் இடம் என்ற விதி வந்தது. 1999 முதல் 2023 வரை மொத்த இடங்கள் இருபது. ஆக, உலகம் முழுவதற்கும் எஞ்சியவை எட்டே இடங்கள்.

அந்த எட்டு இடங்களை ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆசியா, அமெரிக்கக் கண்டங்கள், பசிபிக் தீவுகள் என்ற மண்டலங்களுக்குப் பங்கிட்டார்கள். மண்டலத்தில் வென்றவர் நேரே போவார். நூலிழையில் தோற்றவர்களுக்குக் கடைசியாக ஒரு வாய்ப்பு உண்டு. அதற்குப் பிரெஞ்சு மொழியில் 'ரெபஷாஜ்' என்று பெயர். நீரில் விழுந்ததைத் திரும்ப எடுப்பது என்பது பொருள். நாம் மீட்புச் சுற்று எனலாம். நான்கு மண்டலங்களிலிருந்து நான்கு கோஷ்டிகள் ஓர் ஊரில் கூடி ஒருவரோடொருவர் ஆடுவார்கள். முதலில் நிற்பவர் ஒருவருக்கே இடம். மற்ற மூவருக்கும் நான்கு ஆண்டுக் காத்திருப்பு.

இந்தப் பங்கீட்டில் நம் ஆசியாவுக்குக் கிடைத்தது என்ன? 1987 முதல் ஜப்பான் எல்லாக் கோப்பைகளிலும் ஆடியிருக்கிறது. அதைத் தவிர வேறு எந்த ஆசியக் கோஷ்டியும் 2023 வரை ஒரு கோப்பையில்கூட ஆடியதில்லை. ஜப்பான் பலம் பெற்று நேர் இடங்களுக்கு உரியதான பின், மற்ற ஆசிய நாடுகளுக்கு வழி அகலும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். நடந்தது அஃதன்று. ஜப்பான் நீங்கலான ஆசியாவின் முதல்வனுக்குக் கோப்பையில் இடம் என்றில்லை, பசிபிக் தீவு ஒன்றோடு மோத ஓர் அனுமதி என்றே விதித்தார்கள். 2018இல் ஹாங்காங் அந்தப் படியைக் கடந்து, பிரான்ஸின் மார்செய் நகரில் நடந்த மீட்புச் சுற்றுக்குப் போயிற்று. அங்கே கனடா மூன்று ஆட்டங்களையும் வென்று இடத்தைக் கொண்டு போய்விட்டது. 2022 ஜூலையில் ஹாங்காங் தென் கொரியாவை 23-21 என்று, இரண்டே புள்ளியில் வென்று, பதினைந்து நாட்களுக்குள் டோங்காவிடம் 44-22 என்று தோற்றது. பிறகு துபாயில் நடந்த மீட்புச் சுற்றிலும் இடம் கிட்டவில்லை.

அந்தத் துபாய்ச் சுற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஆனால் அதற்கு முன்பு ஐரோப்பாவில் நடந்த விவகாரத்தைச் சொல்லியாக வேண்டும். ஒன்றில்லாமல் மற்றது விளங்காது.

2018 மார்ச் 18ஆம் தேதி. பிரஸ்ஸல்ஸ் நகரில் பெல்ஜியமும் ஸ்பெயினும் ஆடின. 2017, 2018 ஆகிய ஈராண்டு ஆட்டங்களின் புள்ளிகளைச் சேர்த்துப் பார்த்து ஐரோப்பாவின் இடத்தைக் கொடுப்பதாக ஏற்பாடு. ஒரு மாதத்துக்கு முன்புதான் ஸ்பெயின் மாட்ரிட் நகரில் ருமேனியாவை 22-10 என்று வென்றிருந்தது. பெல்ஜியத்தையும் வென்றால் 1999க்குப் பின் முதன்முறையாக ஸ்பெயின் உலகக் கோப்பைக்குப் போகும். தோற்றால் அந்த இடம் ருமேனியாவுக்கு. இவ்வளவு முக்கியமான ஆட்டத்துக்கு நியமிக்கப்பட்ட நடுவர் ஒரு ருமேனியர்! நடுவர்மேல் குற்றம் சொல்வது நம் நோக்கமன்று. அவரை அந்த இடத்தில் நிறுத்தியவர்களைப் பற்றித்தான் சொல்கிறோம். பிராது கொடுத்தவனின் சகோதரனையே பஞ்சாயத்தில் உட்கார வைத்தால், அவன் நீதிமானாகவே இருந்தாலும் ஊர் நம்புமா? பெல்ஜியம் 18-10 என்று வென்றது. ஆட்டம் முடிந்ததும் ஸ்பெயின் ஆட்டக்காரர்கள் சிலர் நடுவரைச் சூழ்ந்து கொண்டு கூச்சலிட்டனர். அதற்காக அவர்களும் தண்டனை பெற்றனர்.

விஷயம் அத்தோடு நிற்கவில்லை. புகார், எதிர்ப்புகார் என்று எழுந்து, ஆட்டக்காரர்களின் தகுதியையே ஆராயத் தொடங்கினார்கள். ரக்பியில் ஒருவர் ஒரு நாட்டுக்காக ஆட வேண்டுமானால், அவர் அந்த நாட்டில் பிறந்திருக்க வேண்டும். அல்லது பெற்றோரில் ஒருவரோ பாட்டன் பாட்டியரில் ஒருவரோ அங்கே பிறந்திருக்க வேண்டும். அல்லது அவர் அங்கே குறிப்பிட்ட காலம் தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். அந்தக் காலம் முன்பு மூன்று ஆண்டுகள். பின்னர் ஐந்து ஆண்டுகளாக உயர்த்தப்பட்டது. இவற்றுக்கு மேல் இன்னொரு நிபந்தனையும் அப்போது இருந்தது. ஒரு நாட்டின் முதல் கோஷ்டியிலோ, அந்த நாடு இரண்டாம் கோஷ்டி என்று அறிவித்திருக்கும் கோஷ்டியிலோ, எழுவர் ஆட்டக் கோஷ்டியிலோ ஆடிவிட்டவர் வேறு நாட்டுக்கு ஆடக் கூடாது. சிக்கலை உண்டாக்கியது இந்த விதியே. பிரான்ஸ் தன் இருபது வயதுக்குட்பட்டோர் கோஷ்டியை இரண்டாம் கோஷ்டி என்று அறிவித்திருந்த காலத்தில், அதில் ஆடிய இளைஞர்கள் சிலர் பிற்பாடு தங்கள் பாட்டனார் நாடான ஸ்பெயினுக்கும் பெல்ஜியத்துக்கும் ஆடியிருந்தார்கள். ருமேனியக் கோஷ்டியில் இருந்த ஒருவரோ முன்பு டோங்காவின் எழுவர் கோஷ்டியில் ஆடியவர். தகுதியற்ற ஆட்டக்காரரை இறக்கிய ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஐந்து புள்ளி வீதம் மூன்று நாடுகளுக்கும் வெட்டினார்கள். முதலில் நின்ற ருமேனியாவும் போயிற்று. வழக்காடிய ஸ்பெயினும் போயிற்று. அவ்விருவருக்கும் பின்னே நின்ற ரஷ்யா நேரே உள்ளே போயிற்று! 2019 செப்டம்பர் 20ஆம் தேதி டோக்கியோவில் ஜப்பானை எதிர்த்து முதல் ஆட்டம் ஆடியது அந்த ரஷ்யாவே. குரங்கு அப்பம் பங்கிட்ட கதை நேயர்களுக்கு நினைவு வரலாம். ஆனால் இங்கே குரங்கு என்று எவரையும் சொல்வதற்கில்லை. விதி முன்பே எழுதப்பட்டிருந்தது. படித்துப் பார்க்க வேண்டியவர்கள் படிக்கவில்லை.

ஒருமுறை சுட்டுக் கொண்ட கை மறுமுறை எச்சரிக்கையாக இருக்கும் அல்லவா? ஸ்பெயினில் அவ்வாறு நடக்கவில்லை. அடுத்த கோப்பைக்கான போட்டியில் ஸ்பெயின் ஐரோப்பாவின் இரண்டாம் இடத்தைப் பெற்று, 2022 மார்ச்சில் மாட்ரிட் நகரில் போர்ச்சுகலை வென்றபோது மைதானமே விழாக் கோலம் பூண்டது. ஆறு வாரம்கூட ஆகவில்லை. தென்னாப்பிரிக்காவில் பிறந்த ஒரு ஆட்டக்காரர், குடியிருப்புக் காலம் நிறைவு பெறுமுன்பே இரண்டு ஆட்டங்களில் இறக்கப்பட்டிருந்தார் என்று தெரிய வந்தது. அவர் நாட்டை விட்டு வெளியே இருந்த நாட்களை மறைக்கும்படி, கடவுச்சீட்டின் பிரதியே திருத்தப்பட்டிருந்தது. ஸ்பெயினுக்குப் பத்துப் புள்ளி வெட்டு. மேல் முறையீடும் தள்ளுபடி. இரண்டாம் இடம் ருமேனியாவுக்கும், மீட்புச் சுற்றுக்குப் போகும் மூன்றாம் இடம் போர்ச்சுகலுக்கும் கிடைத்தன. மைதானத்தில் வியர்வை சிந்திய முப்பது நாற்பது பேரின் நான்காண்டு உழைப்பு ஒரு காகிதத்தில் கரைந்தது. பிரதியைத் திருத்திய கை எதுவோ, அதனால் விளைந்த நஷ்டம் அதைப் பற்றி ஏதும் அறியாதவர்களுக்கு. விதியை நாம் குறை சொல்ல மாட்டோம். ஆனால் அந்த இளைஞர்களுக்காக இரங்காமலும் இருக்க முடியாது.

அதே ஜூலையில் அமெரிக்கக் கண்டத்தில் வேறொரு நாடகம். சிலியும் ஐக்கிய அமெரிக்காவும் இரண்டு ஆட்டங்கள் ஆடி, இரண்டின் புள்ளிகளையும் கூட்டி வெற்றியைத் தீர்மானிப்பதாக ஏற்பாடு. சாந்தியாகோ நகரில் அமெரிக்கா 22-21 என்று வென்றது. ஒரு வாரத்துக்குப் பின், கொலராடோ மாகாணத்தில், அமெரிக்கா தொடக்கத்திலேயே 19-0 என்று முன்னே சென்றுவிட்டது. சிலி சோர்ந்து விடவில்லை. கடைசி நிமிஷங்களில் கிடைத்த ஒரு தண்டனை உதை கம்பங்களுக்கிடையே சென்றது. 31-29. கூட்டிப் பார்த்தால் 52-51. ஒரே ஒரு புள்ளி! சிலி தன் வரலாற்றில் முதன்முறையாக உலகக் கோப்பையில் புகுந்தது.

தோற்ற அமெரிக்கா துபாய் மீட்புச் சுற்றுக்கு வந்தது. போர்ச்சுகல், ஹாங்காங், கென்யா ஆகியவை மற்றவை. 2022 நவம்பர் 18ஆம் தேதி கடைசி ஆட்டத்தில் அமெரிக்காவும் போர்ச்சுகலும் எதிர்ப்பட்டன. அது வரை இரண்டும் மற்ற இரு ஆட்டங்களை வென்றிருந்தன. ஆனால் போர்ச்சுகல் வென்ற வித்தியாசங்கள் பெரியவை. ஆகவே சமநிலை போதும் போர்ச்சுகலுக்கு. ஆட்டம் முடியும் தறுவாயில் அமெரிக்கா 16-13 என்று முன்னே நின்றது. கடைசி உதை போர்ச்சுகலின் சாமுவேல் மார்க்கஸ் என்பவருக்குக் கிடைத்தது. பந்து கம்பங்களுக்கிடையே சென்றது, 16-16. கொலராடோவில் ஒரு புள்ளி, துபாயில் ஓர் உதை. இவற்றால் அமெரிக்கா 1995க்குப் பின் முதன்முறையாக உலகக் கோப்பைக்கு வெளியே நின்றது.

கடைசியாக நுழைந்தவர் கடைசியாகவே நிற்பார் என்று எண்ண வேண்டாம். பிரான்ஸில் நடந்த 2023 கோப்பையில் அந்தப் போர்ச்சுகல் ஜார்ஜியாவோடு 18-18 என்று சமநிலை கண்டு, அக்டோபர் 8ஆம் தேதி துலூஸ் நகரில், கால் இறுதிக்குச் சென்ற பிஜியையே 24-23 என்று வென்றது. காகிதத்தின் உதவியால் முன்வழியாக நுழைந்த ருமேனியாவோ இங்கிலாந்திடம் 84-0 என்றும், தென்னாப்பிரிக்காவிடம் 76-0 என்றும், அயர்லாந்திடம் 82-8 என்றும் தோற்றது.

2027ஆம் ஆண்டுக் கோப்பை ஆஸ்திரேலியாவில் நடைபெறும். இதற்கு இடங்களை இருபதிலிருந்து இருபத்து நான்காக உயர்த்தியிருக்கிறார்கள். அதனால் ஆசியாவின் முதல்வனுக்குக் கடைசியில் ஒரு நேர் இடம் கிடைத்தது. 2025 ஜூலை 5ஆம் தேதி ஹாங்காங் தென் கொரியாவை அதன் மண்ணிலேயே 70-22 என்று வென்று, முதன்முறையாக உள்ளே சென்றது. குலுக்கலில் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, சிலி ஆகியவற்றோடு முதல் பிரிவில் விழுந்திருக்கிறது. வாயிலைக் கடந்த பின் அங்கே எப்படி நிற்கப் போகிறதோ! ஸ்பெயினும் இம்முறை ஐரோப்பாவின் முதல் நான்கில் ஒன்றாக, காகிதச் சிக்கல் ஏதுமின்றி, இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் ஆடப் போகிறது. ஆப்பிரிக்காவில் 2025 ஜூலை 19ஆம் தேதி கம்பாலா நகரில் ஜிம்பாப்வே 30-28 என்று நமீபியாவை வென்று, 1991க்குப் பின் முதன்முறையாகத் தகுதி பெற்றது. நமீபியா 1999 முதல் ஏழு கோப்பைகளில் தொடர்ந்து ஆடிய நாடு. அவற்றில் ஓர் ஆட்டத்தையும் வென்றதில்லை. அப்படியிருந்தும் ஆப்பிரிக்காவில் அதை அசைக்க இத்தனை காலம் வேண்டியிருந்தது.

கடைசி இடத்துக்காக 2025 நவம்பரில் மீண்டும் துபாயில் கூடினார்கள். இறுதி நாளில் சமோவாவும் பெல்ஜியமும் 13-13 என்று சமநிலையில் முடித்தன. அதிக வித்தியாசத்தில் முன்பு வென்றிருந்ததால் இடம் சமோவாவுக்கே கிடைத்தது. 1987இல் அழைப்பு வராத அதே சமோவா, இருபத்து நான்காவது நாற்காலியில் வந்து அமர்ந்தது. பெல்ஜியம் இதுவரை உலகக் கோப்பையில் ஆடியதில்லை. அதற்கு இருந்த குறை ஒரே ஓர் உதைதான்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஒரிஸ்ஸாவின் பழங்குடி மாணவர்களிடையிலும், கல்கத்தா, பம்பாய் முதலிய நகரங்களிலும் ரக்பி நன்றாகவே வேர்விட்டிருக்கிறது. 2025 ஜூனில் பம்பாயில் நடந்த எழுவர் ஆட்டப் பந்தயத்தில் சென்னையின் பெயர் தாங்கிய கோஷ்டியே கோப்பையை வென்றது. ஆயினும் எழுவர் ஆட்டம் வேறு, பதினைவர் ஆட்டம் வேறு. பதினைவர் ஆட்டத்தில் இந்தியா ஆசியாவின் கீழ்ப் பிரிவுகளிலேயே ஆடி வருகிறது. உலகக் கோப்பைக்குப் போகும் போட்டி மேல் பிரிவில் உள்ள நான்கு கோஷ்டிகளுக்கிடையே மட்டும் நடப்பது. 2025இல் அந்த நான்கு: ஹாங்காங், தென் கொரியா, ஐக்கிய அரபு நாடுகள், நம் அண்டை நாடான இலங்கை. பள்ளிக்கூடங்களிலேயே ரக்பியைப் பெரிய திருவிழாவாகக் கொண்டாடும் இலங்கை, கீழிருந்து படிப்படியாக ஏறியே அந்த நால்வரில் ஒன்றாயிற்று. இந்தியா முதலில் தன் பிரிவில் முதலாவதாக வர வேண்டும். பிறகு மேல் பிரிவின் கடைசிக் கோஷ்டியை வெல்ல வேண்டும். இதை ஒவ்வொரு படியிலும் செய்து நால்வருள் ஒருவராக வேண்டும். அதன் பின்பே ஹாங்காங்கை எதிர்த்து நிற்கும் நாள் வரும்.